கிட்டார் பிரிட்ஜ் வாங்கும் முன் அளவெடுங்கள்

கேள்வி: நான் கடலோர ஊரில் வசிக்கிறேன். என்னுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) உப்புக்காற்றில் துருப்பிடித்து, தந்திகளின் உயரத்தை மாற்றும் சிறு திருகுகள் இறுகிவிட்டன. புதிய பிரிட்ஜ் வாங்கி நானே பொருத்த முடியுமா? மரத்தில் புதிதாகத் துளையிட வேண்டுமா?

பதில்: தாராளமாகப் பொருத்தலாம்; அளவு ஒத்துவந்தால் துளையிட வேண்டியதே இல்லை. தகடும் அதன் அடியிலுள்ள உலோகக் கட்டையும் நன்றாக இருந்து, சேடில்கள் (ஒவ்வொரு தந்தியையும் தாங்கும், உயரத் திருகுகள் உள்ள சிறு துண்டுகள்) மட்டும் பழுதாகியிருந்தால், அவற்றை மட்டும் மாற்றுவதே சிக்கனம்.

முழு பிரிட்ஜையும் மாற்றுவதாக இருந்தால், பெயரையும் பளபளப்பையும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பிரிட்ஜைப் பிடித்திருக்கும் ஆறு திருகுகளில் முதலாவதற்கும் ஆறாவதற்கும் உள்ள மையத் தொலைவு ஸ்ட்ராட்டோகாஸ்டரை உருவாக்கிய ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய அமைப்பில் ஏறத்தாழ 56 மி.மீ.; விலை குறைந்த பல கிட்டார்களில் அது 52.5 மி.மீ. அளவில்தான் இருக்கும். முதல் திருகுத் தலையின் இடது விளிம்பிலிருந்து ஆறாவதன் இடது விளிம்புவரை அளந்தால், மையத்தைத் தேடாமலே சரியான அளவு கிடைத்துவிடும். கட்டையின் ஆழத்தையும் மறக்காமல் அளந்துகொள்ளுங்கள். உடல் மெலிந்த கிட்டாரில் முழு நீளக் கட்டையைப் பொருத்தினால், அது பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆறு திருகுகளுக்குப் பதில் இரண்டு தூண்கள் மட்டும் இருந்தால், அது வேறு வகை. அதற்கு இந்த அளவுகள் பொருந்தா.

கடையில் ‘ட்ரெமலோ பிரிட்ஜ்’ என்றே கேளுங்கள். 1954இல் ஃபெண்டர் நிறுவனம் சூட்டிய அந்தப் பெயர் உண்மையில் தவறு. ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவை ஏற்றி இறக்குவது; இந்த பிரிட்ஜில் மாட்டும் கைப்பிடி மாற்றுவதோ சுருதியை. ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கழற்றும்முன் சேடில்கள் இருக்கும் இடத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, தந்திகளைத் தளர்த்திக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைக் குறடால் மெதுவாக விடுவியுங்கள், அவை தெறிக்கக்கூடும். எர்த் கம்பி பெரும்பாலும் ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் கொக்கித் தகட்டில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், சால்டரிங் வேலை இராது. திருகுத் துளை தளர்ந்திருந்தால், மரப்பசை தடவிய கெட்டி மரக்குச்சியால் அடைத்து, ஓர் இரவு காயவிட்டு, மெல்லிய துளையிட்ட பிறகு திருகுங்கள். புதிய தகடு முன்விளிம்பில் சாய்ந்தாட வேண்டுமாகையால், ஆறு திருகுகளையும் இறுக்கி முடுக்கிவிடக் கூடாது.

பொறுமை தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். புதுத் தந்திகளை மாட்டிச் சுருதி சேர்த்து, தகட்டின் பின்விளிம்பு ஏறத்தாழ 3 மி.மீ. உயர்ந்து நிற்கும்வரை கொக்கித் தகட்டின் இரு திருகுகளையும் கூட்டிக் குறையுங்கள். 17ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 1.6 மி.மீ. இடைவெளியோடு தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விரலால் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்தி மீட்டும் ஒலி சுருதி கூடியிருந்தால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கியும், குறைந்திருந்தால் கழுத்தை நோக்கியும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்துச் சோதியுங்கள்.

உங்கள் ஊர்க் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுச் சேடில்கள் ஏற்றவை. வாசித்து முடித்ததும் பிரிட்ஜை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.