தர்பூசணிக்கு எத்தனை நிறம்?

கேள்வி (அண்ணா நகர்): ஐயா, மஞ்சள் தோலுள்ள ஒரு தர்பூசணியை வெட்டினால் உள்ளே சிவப்பாக இருந்தது, பச்சைத் தோலுள்ள மற்றொன்றின் உள்ளே மஞ்சளாக இருந்தது. இவை மருந்து தெளித்து உண்டாக்கப்பட்டவையா?

பதில்: இல்லை. தோலின் நிறமும் சதையின் நிறமும் தனித்தனி மரபணுக்களால் அமைகின்றன; ஆகவே ஒட்டுரகம் உருவாக்குவோர் அவற்றை விரும்பியபடி இணைத்துக்கொள்ள முடிகிறது. தக்காளியைச் சிவப்பாக்கும் லைகோபீன்தான் தர்பூசணியையும் சிவப்பாக்குகிறது. மஞ்சள் சதையில் அது மிகவும் குறைவு. உண்மையில், இயல்பானது என்று நாம் நம்பும் சிவப்புதான் பின்னால் வந்தது. ஆப்பிரிக்காவில் காட்டுச் செடியாக இருந்த தர்பூசணியின் மூதாதைகளுக்கு வெளிறிய சதையே இருந்தது. மனிதர் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டதால் சிவப்பும் இனிப்பும் சேர்ந்தன. மஞ்சள் பழத்துக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை கண்ணுக்கானது, நாக்குக்கானதன்று என்பது என் கருத்து.

கேள்வி (பெரம்பூர்): கடைக்காரர் தட்டிப் பார்த்துத் தரும் பழமும் சில நேரங்களில் சப்பென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தட்டும் ஓசையை அறியப் பழகிய காது வேண்டும்; எனக்கே அது பல முறை பொய்த்திருக்கிறது. பழத்தைப் புரட்டி, அது தரையில் படிந்திருந்த இடத்தைப் பாருங்கள். அந்தத் திட்டு வெண்மையாக இருந்தால் முதிராத காய். வெண்ணெய் போன்ற மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முதிர்ந்த பழம். திண்டிவனம், மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களிலிருந்து கோயம்பேட்டுக்கு வரும் தர்பூசணி, பறித்த பிறகு ஒரு துளியும் கூடுதலாக இனிக்காது. அதனால்தான் காம்பருகே உள்ள பற்றுக்கம்பி (கொடி பற்றிப் படர உதவும் சுருள் இழை) காய்ந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே அனுபவமுள்ள விவசாயி பறிக்கிறார். விலை ஏறிய வாரத்தில் அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கிர்ணிப்பழத்தின் வழி வேறு. அது முதிரும்போது காம்பு தானாகவே கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் சுத்தமான சிறு குழி இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் மணமும் வரும். மிருத்யுஞ்சய மந்திரத்தில், வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதைப்போல மரணத்திலிருந்து விடுபட வேண்டும் என்று வேண்டுவது இந்தக் கழலுதலைத்தான்.

கேள்வி (தாம்பரம்): 2025 கோடையில் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியதிலிருந்து எங்கள் வீட்டில் தர்பூசணியே வாங்குவதில்லை. அச்சம் நியாயமானதா?

பதில்: அந்தப் பேச்சினால் விலை சரிந்து, அடிபட்டவர்கள் விவசாயிகள்தாம். முழுப் பழத்தில் ஊசி ஏற்றினால் சாயம் சதை முழுவதும் சீராகப் பரவாது. துளையிட்ட இடம் வெயிலில் விரைவில் அழுகத் தொடங்கும். பஞ்சில் துடைத்தால் இலேசான இளஞ்சிவப்புச் சாறு ஒட்டுவது இயல்பு. பஞ்சு அடர்சிவப்பாக மாறினால் ஐயப்படலாம். நான் அஞ்சுவது சாயத்துக்கு அன்று, வெட்டிய துண்டுகளின்மேல் அமரும் ஈக்கும் சாலைத் தூசுக்குமே. முழுப் பழமாக வாங்கி, தோலை நன்றாகக் கழுவிய பிறகு வெட்டுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுசெல்கிறது. கிர்ணியின் வலைப்பின்னல் தோலுக்கு இது இன்னும் முக்கியம்.

கேள்வி (வேளச்சேரி): கிர்ணியுடன் பால் சேர்த்து அடித்த சாறு மாலைக்குள் கசந்துவிடுகிறதே?

பதில்: பழத்திலுள்ள ஒரு நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. அடித்தவுடன் குடித்துவிடுங்கள்.

கேள்வி (அடையாறு): நீரிழிவு உள்ளவர்கள் தர்பூசணி உண்ணலாமா?

பதில்: 100 கிராமில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான், சர்க்கரை ஏறத்தாழ 6 கிராம். அளவாகச் சில துண்டுகள் உண்ணலாம், சாறாக வேண்டாம். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): பாட்டி காலத்து வெள்ளரிப்பழத்தை இப்போது யாரும் கேட்பதில்லை. அதுவும் இந்தக் குடும்பம்தானா?

பதில்: பெயரில் வெள்ளரி இருந்தாலும், தாவரவியலின்படி அது கிர்ணியின் இனத்தைச் சேர்ந்தது, நாம் பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரிக்காய் வேறு இனம். பழுத்ததும் தானே வெடித்து, உள்ளே மாவுபோல் வெளிறிய சதை தெரியும். தனியே தின்றால் இனிப்பு குறைவு என்பதே இளையவர்களின் குறை. நாட்டுச் சர்க்கரையும் சிறிது ஏலக்காயும் தூவி, அரை மணி நேரம் ஊறவைத்து உண்டு பாருங்கள். என் வீட்டில் மஞ்சள் தர்பூசணி மீந்துபோகும், இது மீந்ததில்லை. வெடித்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதால், உண்ணப்போகும் அன்றைக்கே வாங்குங்கள்.