தொழிலாளர் மன்றமும் முதலீட்டு முடிவும்: உங்கள் வரைவுக்குப் பதில்

ஆலைகள் பொதுச்சொத்தாக இருக்கும் ஒரு பொருளாதாரத்தில், லாபம் கூலிக்கா, புது இயந்திரத்துக்கா என்பதை ஆலைத் தொழிலாளர் மன்றமே முடிவெடுக்கட்டும் என்று உங்கள் வரைவில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். சோஷலிச நாடாக இருந்த யூகோஸ்லாவியா 1950இல் சுயநிர்வாகச் சட்டம், அதாவது ஆலையைத் தொழிலாளர் மன்றமே நிர்வகிக்கும் சட்டம், கொண்டுவந்தது. 1965 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் முதலீட்டு முடிவு அரசிடமிருந்து பெரும்பாலும் ஆலைகள், வங்கிகள் கைக்குப் போனது. ஓய்வுபெறப் போகிறவர் பதினைந்து ஆண்டு கழித்துப் பலன் தரும் இயந்திரத்துக்கா கை தூக்குவார்? லாபம் கூலிக்குப் போக, விரிவாக்கம் பெரும்பாலும் கடனில் நடந்தது. புதிதாக ஆள் சேர்த்தால் இருப்பவர் பங்கு சுருங்கும் என்பதால் அதிலும் தயக்கம். உள்நாட்டில் வேலை போதாமல் லட்சக்கணக்கானோர் மேற்கு ஜெர்மனி முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

வரிசையை மாற்றுங்கள்: லாபத்தில் முதலில் தேய்மானம் (பழசாகும் இயந்திரத்தை மாற்ற ஒதுக்கும் பணம்), அடுத்து பொதுச்சொத்தைப் பயன்படுத்தும் கட்டணம், மிச்சம் மட்டும் மன்றத்துக்கு. அந்தக் கட்டணம் பொது முதலீட்டு நிதியில் சேர்ந்து மக்கள்தொகைப்படி வட்டாரங்களுக்குப் பிரியட்டும். நஷ்ட ஆலையின் கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை மட்டும் வட்டாரக் குழுவுக்குத் தராதீர்கள். தந்தால் ஒருவரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.