அசின்க் கிளையன்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: எங்கள் ஜாவா சர்வர் ஒரு வெளிச் சேவையை வினாடிக்கு 1,000 முறை அழைக்கிறது, அழைப்புக்கு ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு). அசின்குக்கு (பதிலுக்காக த்ரெட்டை நிறுத்தி வைக்காமல் அழைக்கும் முறை) மாறினால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. அந்தச் சேவை பதில் தர 2 வினாடி எடுத்தால் எப்படி அழைத்தாலும் 2 வினாடிதான். அந்த 2 வினாடியும் உங்கள் பக்கம் என்ன மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதுதான் மாறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு வரும் அழைப்புகளைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் எந்த நேரத்திலும் நிலுவையில் இருக்கும் அழைப்புகள் கிடைக்கும் (லிட்டில் விதி). சேவை 50 மில்லி வினாடியில் பதில் தந்தால் நிலுவை 50. அதற்கு 50 த்ரெட் போதும், அசின்க் தேவையே இல்லை. அதே சேவை ஒருநாள் 2 வினாடிக்குத் தளர்ந்தால் நிலுவை 2,000. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரின் இயல்பான உச்சவரம்பு 200 த்ரெட். அவை வினாடிக்கு 100 அழைப்பைத்தான் முடிக்கும், மீதி 900 வரிசையில் குவியும், அந்தச் சேவையைத் தொடாத பக்கங்கள்கூட திறக்காது. அசின்க் உதவுவது இங்கேதான்: ஈவென்ட் லூப் த்ரெட்கள் (எதில் பதில் வந்தது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பவை) நாலைந்து இருந்தால் ஆயிரக்கணக்கான சாக்கெட்டுகளை, அதாவது திறந்த கனெக்‌ஷன்களை, கவனித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று, இதை இன்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: நிலுவைக்கு வரம்பு வையுங்கள். பழைய த்ரெட் பூல் (த்ரெட்களின் கையிருப்பு) தெரிந்தோ தெரியாமலோ ஒரு வரம்பாக இருந்தது. அசின்குக்கு மாறிய அன்றே அது போய்விடும். சேவை படுத்தால் நிலுவை 20,000, 50,000 என்று ஏறும், ஒவ்வொன்றும் தன் கோரிக்கை, பஃபர், கால்பேக் (பதில் வந்ததும் ஓட வேண்டிய நிரல்) எல்லாவற்றையும் ஹீப் என்ற ஜாவா மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும், கடைசியில் மெமரி தீர்ந்து உங்கள் சர்வரும் விழும். ஒரு செமஃபோர் (இத்தனை பேர் வரை மட்டும் உள்ளே விடும் எண்ணி) போடுங்கள், இடம் இல்லையென்றால் உடனே 503 (சேவை இப்போது கிடைக்காது) என்ற பதிலைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஜாவா 11 எச்டிடிபி கிளையன்டில் டைம்அவுட் (காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) இயல்பாகவே இருக்கிறதுதானே?

பதில்: இல்லை. கனெக்‌ஷனுக்கும் இல்லை, கோரிக்கைக்கும் இல்லை. இரண்டையும் நீங்களே வைக்க வேண்டும்.

கேள்வி: லோடு ஏறும்போது எங்கள் லாகில் டைம்அவுட் குவிகிறது. எதிர்ப்பக்கத்து டீமோ 40 மில்லி வினாடியில் பதில் அனுப்பிவிட்டதாக லாகைக் காட்டுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: பெரும்பாலும் இரண்டு லாகுமே உண்மையைத்தான் சொல்லும். கால்பேக்குக்குள் என்ன செய்கிறீர்கள்? அங்கே ஒரு டேட்டாபேஸ் குவெரி 300 மில்லி வினாடி ஓடுகிறது, அது ஓடுவது ஈவென்ட் லூப் த்ரெட்டிலேயே என்றால், அந்த த்ரெட் கவனிக்கும் மற்ற எல்லாக் கனெக்‌ஷனும் அதுவரை நிற்கும். பதில் வந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பஃபரில் காத்துக் கிடக்கும், அதை எடுக்க ஆள் இல்லை. டைம்அவுட் அடிக்கும், பழி எதிர்ப்பக்கம் போகும்.

ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவியில் நாலைந்து த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எதைச் செய்கிறது என்ற பதிவு) எடுங்கள். ஈவென்ட் லூப் த்ரெட்டின் ஸ்டாக்கில் உங்கள் சொந்த பேக்கேஜ் பெயர் திரும்பத் திரும்பத் தெரிந்தால் விஷயம் அதுதான். அந்த வேலையைத் தனி எக்ஸிக்யூட்டருக்கு (வேலையை வாங்கித் தன் த்ரெட்களில் ஓட்டுவது) தள்ளுங்கள். கால்பேக்கை இணைக்கும் தென்அப்ளைஅசின்க் போட்டுவிட்டு எக்ஸிக்யூட்டரைக் கொடுக்காமல் விட்டால் அது பொதுவாக ஜாவாவின் பகிர்ந்த காமன் பூலுக்குப் போகும். அதன் அளவு சிபியூ கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அங்கேயும் இதே நெரிசல்தான்.

கேள்வி: அசின்க் போட்டால் எத்தனை மடங்கு வேகம் வரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜாவா 21-இல் விர்ச்சுவல் த்ரெட் (சில நிஜ த்ரெட்களின் மேல் ஜாவாவே ஓட்டும் எடை குறைந்த த்ரெட்) வந்துவிட்டது. இன்னும் எதற்கு கால்பேக்கைக் கட்டி அழ வேண்டும்?

பதில்: புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் நானும் உங்கள் கட்சிதான். நேர்வரிசையில் எழுதலாம், ஸ்டாக் ட்ரேஸ் படிக்கிற மாதிரி இருக்கும்.

அதே நண்பர்: அப்படியானால் உங்கள் செமஃபோர் பேச்சும் பழங்கதைதானே?

பதில்: இல்லவே இல்லை. விர்ச்சுவல் த்ரெட்டைப் பூலில் வைக்கக்கூடாது என்பதால் அங்கே வரம்பு இன்னும் அவசியம். லட்சம் த்ரெட்டை உங்கள் மெஷின் தாங்கும், எதிரில் இருக்கும் சேவை தாங்குமா?

இன்னொருவர்: சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் பகுதி) காத்திருந்தால் அடியில் இருக்கும் நிஜ த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறதே, அதைச் சொல்லாமல் பரிந்துரைக்கலாமா?

பதில்: நியாயமான ஆட்சேபம். ஜாவா 21-இல் அந்தச் சிக்கல் உண்டு, 24-இல் பெரும்பாலும் தீர்த்துவிட்டார்கள். 21-இலேயே இருப்பவர்கள் தங்கள் நிரலை மட்டுமல்ல, பழைய டிரைவர்களையும் லைப்ரரிகளையும் சோதித்துவிட்டு மாறுங்கள். ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் கால்பேக் நிரலை இதற்காகப் பிரித்துப் போடாதீர்கள்.

கேள்வி: "கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை" என்று லினக்ஸில் பிழை வருகிறது.

பதில்: போர்ட் (ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் உங்கள் பக்கம் ஒதுக்கும் எண்) தீர்ந்துவிட்டது. இயல்பான வரம்பு 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 போர்ட். நீங்கள் மூடிய கனெக்‌ஷன் டைம்வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் 60 வினாடி கிடக்கும். ஆகவே ஒரே முகவரிக்கு வினாடிக்குச் சுமார் 470 புதுக் கனெக்‌ஷனுக்கு மேல் தொடர்ந்து திறந்து மூடினால் போர்ட் தட்டுப்பாடு வரும். கோரிக்கைக்கு ஒரு கிளையன்ட் என்று உருவாக்குகிறீர்களா பாருங்கள், ஒன்றே போதும், அதையே பகிருங்கள். பதிலை முழுக்கப் படித்து முடியுங்கள், பாதியில் விட்டால் கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பாது.

கேள்வி: டைம்அவுட் ஆனால் மூன்று முறை முயல்கிறோம். சரியா?

பதில்: ஒரே அடுக்கில் மட்டும் செய்தால் சரி. மூன்று அடுக்கும் தலா மூன்று முறை முயன்றால் ஒரு கிளிக் அடியில் 27 அழைப்பாகும், அதுவும் சேவை ஏற்கெனவே திணறும் நேரத்தில். இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள், அதில் கொஞ்சம் சீரற்ற நேரமும் சேருங்கள். பணம் எடுக்கும் அழைப்பென்றால் ஒரு தனி அடையாள எண் இல்லாமல் மறுமுயற்சி வேண்டவே வேண்டாம்: டைம்அவுட் ஆனதால் வேலை நடக்கவில்லை என்று ஆகாது.

கேள்வி: பைத்தானில் அசின்க் ஃபங்ஷனுக்குள் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது, லூப் நின்றுவிடும். அதற்குப் பதில் ஏஐஓஎச்டிடிபி லைப்ரரியைப் பாருங்கள். மேற்கொண்டு பைத்தான் ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: வரம்பெல்லாம் வைத்துவிட்டோம். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு பதிலே தராத ஒரு போலிச் சர்வர் எழுதி, முழு லோடையும் அதன் மேல் விடுங்கள். நிலுவை உங்கள் வரம்பில் நிற்க வேண்டும், ஹீப் சமமாக இருக்க வேண்டும், மற்ற பக்கங்கள் வழக்கம்போலத் திறக்க வேண்டும். அப்புறம் போலிச் சர்வரைப் பதில் தரவிட்டுப் பாருங்கள்; ரீஸ்டார்ட் இல்லாமல் நிலுவை இறங்காவிட்டால் ஏதோ ஒரு பிழைப் பாதையில் செமஃபோரைத் திருப்பித் தர மறந்திருக்கிறீர்கள்.