செய்மதித் தொலைபேசி: திருகோணமலைக்காரர் கேட்டவை

படகுகளுக்கும் சிறு கப்பல்களுக்கும் தொடர்புக் கருவி பூட்டிக் கொடுப்பது என் தொழில். நம் பக்கத்து ஆட்கள் செய்மதித் தொலைபேசி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொட்பே: அண்ணா, பலநாள் படகுக்கு இரிடியம் நல்லதா, இன்மார்சாட் நல்லதா?

இரண்டுமே செய்மதித் தொலைபேசிச் சேவைகள். செய்மதி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி, விலையை அப்புறம் பார்க்கலாம். இன்மார்சாட் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கும் கணக்குத்தான். இரிடியத்தின் 66 செய்மதிகள் சுமார் 780 கி.மீ. உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகின்றன. ஒன்று நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் போதும். மறையும் முன் கோலை (அழைப்பை) அடுத்த செய்மதியிடம் கொடுத்துவிடும்.

இரிடியம் உலகம் முழுக்க வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பாதைகள் எல்லாம் துருவத்தில் நெருங்கி, பூமத்திய ரேகைப் பக்கம் விரிந்துவிடுகின்றன. நாம் இருப்பதோ வடக்கே எட்டரைப் பாகையில். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு செய்மதிகள்தான் நமக்குத் தெரியும். கோணேசர் மலையடியில் நின்று பேசினால் மலை பாதி வானத்தை மறைத்து, கோல் அறுந்துபோகும். நடுக்கடலில் அந்தத் தொல்லை இல்லை. இன்மார்சாட் செய்மதி நம் வானில் அடிவானத்துக்கு நல்ல மேலே அசையாமல் நிற்பதால் கரையில் இருப்பவருக்கு அது வசதி. ஆடுகிற படகில் அன்டெனாவை அதன் பக்கமே பிடித்துக்கொண்டிருப்பதுதான் கரைச்சல். படகுக்கு என்றால் என் தேர்வு இரிடியம்.

மூதூர்: கப்பலில் இருக்கும் மகனோடு கதைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்புகிறோம். போன் பழுதா?

பழுது இல்லை அக்கா. இன்மார்சாட் போல உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாக என்றால் உங்கள் குரல் மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ. ஓட வேண்டும். அதற்கே கால் செக்கன். அவர் பதில் வர இன்னொரு கால் செக்கன். பேசி முடித்ததும் "சரி" என்று சொல்லிப் பழகுங்கள்.

கிண்ணியா: குளோபல்ஸ்டார் மலிவாமே?

அதுவும் ஒரு செய்மதித் தொலைபேசிச் சேவைதான், ஆனால் மலிவு என்பதால் வாங்காதீர்கள். அதன் செய்மதி, வந்த சைகையை அப்படியே கீழே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஆகவே ஒரே நேரத்தில் உங்களையும் ஒரு தரை நிலையத்தையும் அது பார்க்க வேண்டும். வங்காள விரிகுடா நடுவே அதை நம்பிப் போக முடியாது. இரிடியம் செய்மதிகள் தமக்குள் கோலைக் கைமாற்றித் தூரத்து நிலையத்தில் இறக்குவதால், பக்கத்தில் நிலையம் இல்லாவிட்டாலும் பேசலாம்.

நிலாவெளி: விடுதிக்கு ஸ்டார்லிங்க் போட்டுவிட்டேன். இனி செய்மதித் தொலைபேசி எதற்கு ஐயா?

ஸ்டார்லிங்க் செய்மதி வழி இணையம் தருவதால் சாதாரண நாளில் போன் தேவையே இல்லை. மாரியில்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டார்லிங்க் அலைகளின் அதிர்வெண் அதிகம், கனமழை அவற்றைக் குறைத்துவிடும். கையில் பிடிக்கும் போன்கள் 1.6 கிகாஹேட்ஸ் அளவில் இயங்குவதால் மழை அவ்வளவாகப் பாதிக்காது. மின்சாரப் பிரச்சினையும் இருக்கிறது. புயலில் கரண்ட் போனால் ஸ்டார்லிங்க் தட்டுக்கு ஜெனரேட்டரோ பெரிய பேட்டரியோ வேண்டும். இன்மார்சாட்டின் கைப்போனான ஐசாட்போன் 2 ஒருமுறை சார்ஜில் 8 மணி நேரம் பேசவும் 160 மணி நேரம் காத்திருக்கவும் விடும். ஆனால் கூரைக்குக் கீழே இருந்து பேச முடியாது, வெளியே வர வேண்டும்.

சீனக்குடா: பழைய துராயா செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். துராயாவும் ஒரு செய்மதித் தொலைபேசிச் சேவைதான். ஆசியாவின் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட துராயா-3 செய்மதி 2024 ஏப்ரலில் பழுதாகிச் சேவை நின்றது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியா துராயாவையும் இரிடியத்தையும் தடை செய்திருக்கிறது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் மீன்பிடி வழக்கோடு போன் வழக்கும் சேரும். இங்கேயும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எடுக்காமல் எந்த செட்டையும் வாங்காதீர்கள்.

உப்புவெளி: 8816 என்று தொடங்கும் நம்பரிலிருந்து மிஸ்ட் கோல் வருகிறது.

அது இரிடியம் நம்பர். 870 என்றால் இன்மார்சாட். கடலில் உங்கள் ஆள் யாரும் இல்லையென்றால் திருப்பி எடுக்காதீர்கள், நிமிடக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.