ரேடியோ ரிமோட் மாட்டிய கிரேன் நடுவில் நின்றுவிடுகிறதா?

கேள்வி: 10 டன் ஓவர்ஹெட் கிரேனில் பெண்டன்ட்டை (வயரில் தொங்கும் பட்டன் பெட்டி) எடுத்துவிட்டு ரேடியோ ரிமோட் மாட்டினோம். எல்லா பட்டனும் வேலை செய்கிறது, ஆனால் சில சமயம் சுமையோடு போகும்போது கிரேன் தானாக நின்றுவிடுகிறது. ஸ்டாப் ரிலேக்கு ஜம்பர் (அதைத் தாண்டி நேராக இணைக்கும் வயர்) போட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரிடமிருந்து சிக்னல் வராமல் போனால் கிரேனில் உள்ள ரிசீவர் அந்த ஸ்டாப் ரிலேயை விட்டுவிடும், மெயின் கான்டாக்டர் (மோட்டார் பவரை இணைக்கும் பெரிய சுவிட்ச்) விழும், அதாவது திறந்துகொள்ளும், மோட்டாருக்கு வரும் கரண்ட் நின்று பிரேக் பிடிக்கும். ஜம்பர் போட்டால் ரிமோட்டில் உள்ள சிவப்பு பட்டனும் செத்துப்போகும், ஒரு கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் சுமையை நிறுத்த கீழே நிற்பவர் கையில் ஒன்றும் இருக்காது.

கிரேன் நிற்கும் அந்த நொடியில் ரிசீவரின் எல்இடிகளை ஒருவர் பார்க்கட்டும், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். சிக்னல் வருவதைக் காட்டும் லிங்க் விளக்கு மட்டும் அணைந்தால் ரேடியோ கோளாறு. எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து திரும்ப வந்தால் ரிசீவருக்கு வரும் சப்ளை விட்டுப்போகிறது. கிரேன் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், கிரேனுக்குக் கரண்ட் தரும் கண்டக்டர் பாரில் கரண்ட் கலெக்டர் சரியாகத் தொடாத இடமாக இருக்கலாம். விளக்குகளும் ரிலேக்களும் அப்படியே இருந்தும் கிரேன் நின்றால் ரிமோட்டைத் திட்டிப் பயனில்லை, லிமிட் சுவிட்ச் (எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே, லூஸ் டெர்மினல் என்று பேனலுக்குள் தேடுங்கள்.

ரேடியோ கோளாறு என்றால் நான் முதலில் பார்ப்பது ஆன்டெனாவைத்தான். ரிசீவரை இரும்புப் பேனலுக்குள் வைத்துக் கதவை மூடிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் என்றால் கால் அலைநீளம் சுமார் 17 செ.மீ., அந்தச் சின்ன ஆன்டெனா பேனலுக்கு வெளியே, கீழே நிற்பவருக்கு நேர்ப்பார்வையில், பவர் கேபிளையும் டிரைவையும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கான்டாக்டர் காயில்களுக்கு மின் இரைச்சலை அடக்கும் சப்ரஸர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள் (ஏசி காயிலுக்கு ஆர்சி, அதாவது ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், டிசி காயிலுக்கு டயோடு), ஹாய்ஸ்ட் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நின்றால் சந்தேகம் இங்கேதான். பக்கத்து கிரேனும் அதே சேனலில் ஓடினால் சேனலை மாற்றுங்கள். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

சரி செய்த பிறகு முழுச் சோதனை. முதலில் மோட்டார் பவரை முறையாக ஐசொலேட் செய்து பூட்டிவிட்டு, கன்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் சரியான ரிலேதான் இழுக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மேலே, கீழே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு கான்டாக்டரும் இழுக்கவே கூடாது. அப்புறம் சுமை இல்லாமல் மெதுவாக ஓட்டித் திசைகளையும் லிமிட் சுவிட்சுகளையும் சரிபாருங்கள். லிமிட் சுவிட்ச் வயரிங் ரிமோட் வந்த பிறகும் பழையபடி இருக்க வேண்டும், அவசரத்தில் அதைத் தாண்டி இணைத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததுதான் பலர் செய்யாமல் விடுவது: கிரேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியைக் கழற்றுங்கள். கையேட்டில் சொன்ன நேரத்துக்குள் மெயின் கான்டாக்டர் விழ வேண்டும். பேட்டரியைத் திரும்பப் போட்டதும் தானாக ஓடத் தொடங்கக் கூடாது, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தாலும் அசையக் கூடாது. சிவப்பு பட்டனையும் இப்படியே ஓட்டத்தில் அழுத்திப் பாருங்கள். ஷெட்டின் கடைசி மூலை, தூணுக்குப் பின்னால், எந்திரங்களுக்கு நடுவே என்று ஆபரேட்டர் நிற்கக்கூடிய எல்லா இடத்திலிருந்தும் இயக்கிப் பார்த்த பிறகே சுமை ஏற்றுங்கள்.

பெண்டன்ட்டைக் கழற்றியதோடு அதிலிருந்த எமர்ஜென்சி ஸ்டாப்பும் போயிருக்கும். ரிமோட்டில் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, வயரில் நேரடியாக இணைந்த ஒன்று எளிதில் கை எட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். சிவப்பு பட்டன் சோதனையை ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் ஆபரேட்டரே செய்யட்டும், ஒரு நிமிடம்கூட ஆகாது.