பின்னல் சட்டகப் பாலம் முறுக்கிக்கொள்வது ஏன்?

ஐஸ் குச்சியில் 60 செ.மீ. நீளத்துக்குச் செய்த டவுன் வகைப் பின்னல் பாலம் (பக்கச் சட்டகத்தில் சாய்வுக் குச்சிகள் வலைபோலக் குறுக்கிடுவது), எடை ஏற்றியதும் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது, தாங்கிமுனைக் (பாலம் தாங்கியின் மேல் உட்காரும் முனை) குச்சிகள் முதலில் வளைந்தன என்கிறீர்கள். பசையைத் திட்டாதீர்கள், அது அந்த வடிவத்தின் பிறவிக் குணம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இத்தியேல் டவுன் 1820-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பில் செங்குத்துக் கால்கள் இல்லை, சாய்வுப் பலகைகளும் தட்டையானவை, அதனால் பக்கவாட்டில் எளிதில் வளையும்.

முதலில், குச்சிகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒட்டியிருக்கிறதா, சும்மா உரசுகிறதா என்று பாருங்கள். அமுக்கத்தில் உள்ள குச்சியை நடுவில் ஓரிடத்தில் பிடித்தாலே வளையும் நீளம் பாதியாகும். வளையாமல் தாங்கும் விசை சுமார் 4 மடங்கு. நிஜப் பாலங்களில் குறுக்கிடும் இடத்தில் ஓக் மர ஆணிகள் இரண்டு அடிப்பது வழக்கம். ஒன்று மட்டும் அடித்தால் கத்தரிக்கோல் மாதிரி திரும்பும்.

பாரம் முழுக்கத் தாங்கிமுனையில் வந்து குவிவதால், அங்கே மட்டும் இரண்டிரண்டு செங்குத்துக் குச்சிகள் போதும். இரு பக்கச் சட்டகங்களின் மேல்விளிம்பையும் பெருக்கல் குறி போல இணையுங்கள். கட்டில்லாத மேல்விளிம்பு சாய்ந்தே தீரும் (முறுக்கலுக்கு முக்கியக் காரணம் இதுதான்). கீழ்விளிம்பின் இரண்டு அடுக்கிலும் குச்சிகளை நீளவாக்கில் சேர்க்கும் ஒட்டு ஒரே இடத்தில் வரக்கூடாது. இழுவையில் அறுவது பெரும்பாலும் அங்கேதான்.