மகாதமனி 43 மி.மீ. விரிந்திருக்கிறது, மகன் கைப்பந்து ஆடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, உயரம் 6 அடி 3 அங்குலம். கண்ணில் லென்ஸ் இடம் விலகியிருந்ததைக் கண்ட மருத்துவர் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் அடிப்பகுதி 43 மி.மீ. விரிந்துள்ளது, மார்ஃபான் நோய் என்கிறார்கள். அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கல்லூரிக் கைப்பந்து அணியில் ஆடுகிறான். நிறுத்த வேண்டுமா?

பதில்: ஆம், போட்டி ஆட்டங்களை இப்போதே நிறுத்திவிடுங்கள். மகாதமனி விரியும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், தொந்தரவு இல்லாததை நம்பி முடிவெடுக்க முடியாது. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986இல் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது சரிந்து இறந்தார். வயது 31. அவருக்கு மார்ஃபான் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. உங்கள் மகனுக்கோ காலத்தோடு தெரிந்திருக்கிறது. அந்தக் கண் மருத்துவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

ரத்தக் குழாய்ச் சுவருக்கு மீள்தன்மை தரும் இழைகள் உருவாக ஃபிப்ரில்லின் என்ற புரதம் தேவை. மார்ஃபான் நோயில் அதற்கான மரபணுவில் பிழை இருப்பதால், ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தாங்கும் மகாதமனியின் அடிப்பகுதி மெல்ல விரிகிறது; ஒரு கட்டத்தில் உட்சுவர் கிழிந்து, அடுக்குகளுக்கிடையே ரத்தம் புகுந்துவிடலாம். மூச்சடக்கிப் பளு தூக்குவதும் தண்டால் எடுப்பதும் அந்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். பேசிக்கொண்டே செய்யக்கூடிய நடை, மிதமான சைக்கிள் பயிற்சி ஆகியவை பொதுவாக ஏற்றவை.

அட்டெனலால் அல்லது லோசார்டன் போன்ற மருந்தை இதய மருத்துவர் தருவார். ரத்த அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஏனெனில் அது விரிவின் வேகத்தைக் குறைப்பதற்காகத் தரப்படுகிறது. ஆறு மாதத்தில் மறுபடியும் எக்கோ எடுத்து, அளவு மாறாதிருந்தால் ஆண்டுதோறும் எடுக்கலாம். பொதுவாக 50 மி.மீ. எட்டும்போது அறுவை சிகிச்சை செய்வார்கள். குடும்பத்தில் யாருக்கேனும் மகாதமனி கிழிந்திருந்தாலோ, விரிவு வேகமாக இருந்தாலோ 45இலேயே செய்வார்கள். திட்டமிட்டுச் செய்யும் இந்தச் சிகிச்சை, கிழிந்தபின் அவசரமாகச் செய்வதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

பெற்றோர் இருவரும், உடன்பிறந்தவர்களும் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மரபணுப் பிழை புதிதாகத் தோன்றுகிறது. மற்றவர்களுக்குத் தாய் அல்லது தந்தையிடமிருந்து வந்திருக்கும். சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருந்து வாங்கும்போதும் நோயைச் சொல்லுங்கள், சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகள் தவிர்க்கப்பட வேண்டியவை.

நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி வந்தால் வாயு என்று வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரைந்து, நுழைந்ததும் ‘மார்ஃபான்’ என்று சொல்லி சி.டி. ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். மாரடைப்பு என்று கருதி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். எக்கோ அறிக்கையின் படம் அவன் கைப்பேசியிலும், விடுதி நண்பன் ஒருவனிடமும் இருக்கட்டும்.